எல்லாருக்கும் ஒரே மாமரம்

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன ஹால். சால்வை போர்த்தி, இல்லாத பெருமையெல்லாம் சொல்லி, வடை காபி கொடுத்து முடித்த பிறகு, பழைய மாணவர்கள் முப்பது பேர் போல மேடைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். பாட்டுப் பாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தன் கையைத் தூக்கினான். எல்லாரும் ஒரே குரலில் சீன மொழியில் ஒப்பிக்க ஆரம்பித்தார்கள்.

தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா அலுவலகத்தில் வேலை செய்கிறார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வாசலில் ஒரு மாமரம் இருக்கிறது. கோடையில் அதன் கீழே உட்கார்ந்து பழம் சாப்பிடுவோம். எங்கள் ஊர் மிகவும் அழகானது.'

ஹாலே கைதட்டியது. சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் முகமெல்லாம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் மட்டும் வாயைத் திறக்காமல், ஒரு பூந்தொட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் பெயர் ஸ்டெல்லா. அவளைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கார்த்திகா மறுநாள் போன் செய்தாள். "அந்தப் பத்தி எவ்ளோ ஃபேமஸ் மேடம்! எங்க பேட்ச்ல இருந்து ஏன் நிறுத்திட்டீங்க? எங்களுக்கு மட்டும் மாமரம் கிடைக்கலையே. ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் குடுங்களேன், ஜாலியா இருக்கும்" என்றாள். ஜாலியாக இருக்காது கார்த்திகா. இருந்தாலும் கேட்டுவிட்டாய், எழுதுகிறேன்.

நான் செய்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சீன மொழி சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் ஆசிரியை. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். ஒவ்வொரு வருடமும் அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தென் சீனாவில் ஒரு துறைமுக நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருடப் படிப்புக்கு அனுப்புவோம். காலையில் மொழி, மதியம் 'இன்றைய சமூகம்' என்று ஒரு பாடம். முதல் பருவம் முழுக்க நானும் கூடவே போய் இருப்பேன். பெட்டியைத் தொலைப்பவன், வயிற்றுப்போக்கு வந்தவன், அம்மாவை நினைத்து அழுகிறவள் எல்லாருக்கும் நான்தான்.

நான் படித்த கதை பெரிய கதை இல்லை. கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்று, கீழ்க்கட்டளையில் குடியிருந்த காலத்தில் அதே பல்கலைக்கழகத்துக்கு முதல் பேட்ச்சில் போனேன். என்னைவிட பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒரே எழுத்தை நான்கு விதமாக இழுத்தும் இறக்கியும் சொல்லிப் பழகினேன். ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். மனிதர் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லில் நம்முடைய ழகரம் அப்படியே இருக்கிறது. வடக்கத்திப் பிள்ளைகள் நாக்கைச் சுருட்டித் திணறியபோது நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். அந்தத் திமிரிலேயே வருடம் ஓடிவிட்டது.

அப்போது எங்களுக்குத் தலைமை வென் என்ற ஆசிரியை. பிறகு நான் அங்கே மேற்பார்வைக்குப் போன வருடங்களிலும் அவர்தான் தலைமை. குள்ளமான உருவம், வெட்டிய முடி, கையில் எப்போதும் ஒரு வெந்நீர் பிளாஸ்க். நாலு பேருக்கு முன்னால் யாரையும் திருத்த மாட்டார். நாம் தப்பாகச் சொன்ன வாக்கியத்தைச் சரியாக்கி, கேள்வி போல நம்மிடமே திருப்பிக் கேட்பார். கோபம் வந்தால் பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்து, ஒரு வாய் குடித்து, மெதுவாகத் திருகி மூடுவார். அவ்வளவுதான். அந்த மூடி திருகும் சத்தத்துக்கு நாங்கள் நடுங்குவோம்.

'இன்றைய சமூகம்' பாடத்துக்குப் புத்தகம் உண்டு, ஆனால் வென் அதை அதிகம் தொட மாட்டார். ஒவ்வொரு மாணவருக்கும் ஊரில் ஒரு குடும்பத்தைப் பிடித்துக் கொடுப்பார். பருவம் முழுக்க அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். போனில் க்யூஆர் கட்டத்தைக் காட்டிக் காய்கறி வாங்குவது, பிள்ளையைக் கிராமத்தில் தாத்தாவிடம் விட்டுவிட்டு நகரத்தில் வேலை செய்வது, சாயங்காலமானால் சதுக்கத்தில் பாட்டுப் போட்டு ஆடும் வயசான அம்மாக்கள், இதையெல்லாம் அந்த வீட்டு ஆட்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போது பழம் வாங்கிப் போ. எண்ணிக்கை நான்காக இருக்கக் கூடாது, அவர்கள் மொழியில் அது சாவு என்பது போல ஒலிக்கும், ஆகாது. உட்கார் என்று காட்டிய இடத்தில் உட்கார். பேனாவை எடுக்காதே. சமையல் ஆரம்பிக்கும்முன் எழுந்துவிடு. இதெல்லாம் சின்ன விதிகள். பெரிய விதி ஒன்றுதான். எந்தக் கேள்வி கேட்கிறாயோ, அதற்கு உன் வீட்டுப் பதிலை முதலில் கொடு. கொடுத்த பிறகு கேள்.

"அவர்கள் கதவைத் திறக்கிறார்கள். நீங்கள் உங்கள் கதவைத் திறக்காமல் உள்ளே போனால் அதற்கு வேறு பெயர்" என்பார் வென்.

இந்த விதியில்தான் நான் என் கைவரிசையைக் காட்டினேன். நம் பிள்ளைகள் சட்டென்று எதையாவது உளறிவிடுவார்களே என்ற பயம் எனக்கு. எப்படியும் அங்கே போனதும் வீட்டைப் பற்றித்தானே கேட்கப் போகிறார்கள்? தாம்பரத்திலேயே ஒரு பத்தி தயார் செய்து, எல்லாரையும் நெட்டுருப் போட வைத்துவிடுவேன். பத்தாம் வகுப்புக்குக் கட்டுரை நெட்டுருப் போட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே, ஒரே வாரத்தில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். பத்தியும் நல்ல பத்தி. நான்கு வகை ஏற்ற இறக்கமும் வரும், மரத்தை எண்ணுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் தனிச் சொல்லும் வரும். வருடா வருடம் இங்கிருந்து போன பிள்ளைகள் எல்லாரும், ஆட்டோ ஓட்டுகிறவர் மகனும் பேங்க் மேனேஜர் மகளும், ஒரே வீட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஸ்டெல்லா வந்தது பெருவெள்ளத்துக்குச் சில வருடங்கள் கழித்து. ஒல்லியான பெண். வகுப்பில் கடைசி பெஞ்ச், ஆனால் காது அப்படி ஒரு காது. ஒரு தடவை கேட்டால் அந்த ஒலி அவளிடம் ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயிண்டர், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. பத்தியைக் கொடுப்பதற்கு முன் எல்லாரையும் தமிழில் தங்கள் வீட்டைப் பற்றி ரெண்டு வரி சொல்லச் சொல்வேன், சும்மா ஒரு ஒப்புக்கு. அவள் எழுந்து, "எங்க வீடு முடிச்சூர் பக்கம் ஆத்தோரம் இருந்துச்சு மேடம். இப்ப இல்ல. வெள்ளம் வந்த பிற்பாடு எடுத்துட்டாங்க. எங்கள ரொம்பத் தூரத்துல ஒரு அடுக்குமாடில போட்டுட்டாங்க" என்றாள்.

நான் அவசரமாக, "சரிம்மா, அதெல்லாம் அங்க போய் எதுக்கு? மொழி படிக்கத்தானே போற. இந்தப் பத்தியைப் படி, போதும்" என்றேன். அவள் பத்தியைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாமரமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா, மாமரம்" என்றேன்.

அவளுக்கு அந்தப் படிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பருவ முடிவில் ஒவ்வொருவரும் தங்களுக்குக் கொடுத்த குடும்பத்தைப் பற்றிச் சீனத்தில் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு உதவித்தொகையோடு இரண்டாம் வருடம் கிடைக்கும். இரண்டு வருடம் முடித்தால் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை கைக்கெட்டும். வீடு தூரமாகப் போனதில் அவள் அப்பாவுக்குப் பழைய வாடிக்கை எல்லாம் போய்விட்டது. அவள் அங்கே வந்திருந்ததே அந்த இரண்டாம் வருடத்துக்காகத்தான்.

வென் அவளுக்குக் கொடுத்த குடும்பம் காவ் என்கிற அம்மாவுடையது. பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய கிராமம் மாட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடலாம், அப்படிச் சந்துகள். அங்கே காவ் அம்மா ஆவியில் வேகவைத்த பன் விற்றார். கீழே கடை, மேலே ஒரே அறையில் குடித்தனம். ஐம்பது வயதிருக்கும். மாவு பிசைந்து பிசைந்து தோளெல்லாம் ஆண்பிள்ளைத் தோள். முன்பெல்லாம் என் மாணவர்கள் மூன்று நான்கு பேர் அவரிடம் போயிருக்கிறார்கள். அந்த வருடம் சந்து முழுக்கச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டு, உள்ளே ஒரே ஓர் எழுத்து எழுதியிருந்தார்கள். 'இடித்துவிடு' என்று அர்த்தம்.

முதல் தடவை போகும்போது மேற்பார்வை ஆசிரியை கூடப் போக வேண்டும் என்பது விதி. போனோம். காவ் அம்மா இரண்டு முக்காலியை இழுத்துப் போட்டார், சூடாக சோயா பால் கொடுத்தார். ஸ்டெல்லா எழுந்து நின்று பத்தியைச் சொன்னாள். ஒரு பிசிறு இல்லை. நான் பூரித்துப்போனேன்.

காவ் அம்மா மாவுக் கையைத் தட்டிக்கொண்டார். "இந்த வீடு எனக்குத் தெரியும். போன வருடம் வந்த பையனும் இங்கேதான் இருந்தான். அதற்கு முந்தைய வருடப் பெண்ணும். ஏன், உங்கள் ஊரில் எல்லாரும் ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பையனிடம் அந்தப் பழம் எப்படி இருக்கும் என்று கேட்டேன், புளிப்பு என்றான். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், தேன் என்றாள். ஒரே மரம்தானே?" என்றார்.

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். காவ் அம்மா பேச்சை விடவில்லை. வெளிச்சுவரில் இருந்த வட்டத்தை மோவாயால் காட்டி அவளிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் வீடுகளை இடிப்பார்களா?"

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இல்லை, எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது" என்றேன். சுத்தமான உச்சரிப்பில், தலை நிமிர்ந்து சொன்னேன்.

காவ் அம்மா எழுந்து ஆவிச் சட்டியின் மூடியைத் திறந்தார். "அப்படியானால் என்னிடம் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப் போகிறது? பன் வேண்டுமானால் வாங்க வாருங்கள். பேச வர வேண்டாம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த வாடிக்கையாளரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும்போது ஸ்டெல்லா சந்தில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பெரிய ரோடு வந்ததும் நின்றாள்.

"நான் சொல்லியிருப்பேன் மேடம். எங்க வூட்டப் பத்தி அவங்களுக்குச் சொல்லியிருப்பேன்."

"எதுக்கும்மா? வெளிநாட்டுல வந்து நம்ம ஊரை விட்டுக் குடுக்கலாமா?"

"ஊரு எங்கள விட்டுக் குடுத்துச்சே மேடம்."

அவள் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுள்ளென்று கோபம் வந்தது. "வாய் ரொம்ப நீளுது உனக்கு. வேற குடும்பம் மாத்திக் குடுக்கச் சொல்றேன், பேசாம வா" என்றேன். என் கோபத்தைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். தப்பு என் பக்கம் இருக்கும்போதுதான் அது இவ்வளவு வேகமாக வரும்.

மறுநாள் வென்னிடம் போனேன். அந்தக் குடும்பம் ஒத்துழைக்கவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்றேன். இடிக்கப் போகிற பதற்றம் போலிருக்கிறது என்று ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன். வென் மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்குபடுத்தி முடித்தார். வேறு குடும்பம் இல்லை, எல்லாரையும் பிரித்துக் கொடுத்தாயிற்று, காவ் பேசவில்லை என்றால் இந்தப் பெண்ணுக்கு இறுதிப் பேச்சு இல்லை என்றார். பேச்சு இல்லையென்றால் இரண்டாம் வருடமும் இல்லை. அதை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"உங்கள் மாணவி காவுக்கு என்ன கொடுத்தாள்?" என்று கேட்டார்.

"வீட்டைப் பற்றிச் சொன்னாள்" என்றேன்.

"மாமரமா?"

வென் பிளாஸ்க் மூடியைத் திருகினார். ஒரு வாய் குடித்தார். "எத்தனையோ வருடமாக உங்கள் பிள்ளைகள் வாயால் அந்த மரத்தைக் கேட்கிறேன். உங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்" என்றார். மெதுவாகத் திருகி மூடினார். அவர் இத்தனை காலமும் தெரிந்துகொண்டே என்னைக் கேட்காமல் விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு பேர் முன்னால் திருத்த மாட்டார் இல்லையா? அன்றைக்கு அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

அந்த வாரமே ஸ்டெல்லா மறுபடி காவ் அம்மாவிடம் போக வேண்டும் என்றாள். "நீங்க வரணும்னு ரூல் இருந்தா வாங்க மேடம். ஆனா நான்தான் பேசுவேன்" என்றாள். போனேன். பழம்கூட அவளே வாங்கினாள். கடை கும்பல் குறையும்வரை வெளியே நின்றோம். பிறகு அவள் உள்ளே போய், உட்காராமல் பேசினாள். அந்தச் சீனத்தில் பாதிக்குப் பாதி தப்பு. ஏற்ற இறக்கம் எல்லாம் கவிழ்ந்து கிடந்தது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆசிரியை சொன்னது சரியில்லை. என் வீட்டை இடித்தார்கள். எங்கள் ஊரில் வட்டம் போட மாட்டார்கள், கதவுக்குப் பக்கத்தில் நம்பர் எழுதுவார்கள். என் அப்பா பெயிண்டர். நம்பர் எழுத வந்த ஆளிடம் போய், பிரஷ்ஷை இப்படிப் பிடிக்காதே, பெயிண்ட் வழியும் என்று சொன்னார். அந்த ஆள் கேட்கவில்லை. வழிந்துவிட்டது. வீடு போன அன்றைக்குக்கூட அப்பா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்."

காவ் அம்மா ஆவிச் சட்டியை மூடினார். பிறகு ஸ்டெல்லாவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். வட்டத்தின் அடியில் சிவப்பு பெயிண்ட் நாலைந்து கோடாக வழிந்து காய்ந்திருந்தது. "உன் அப்பாவை இங்கேயும் கூப்பிட்டிருக்க வேண்டும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே காவ் அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்தார், கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

உள்ளே கூட்டிவந்து சோயா பால் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை. அந்த வீடு அவருடையது இல்லை. வாடகைக்கு இருந்தார். இடித்தால் வீட்டுச் சொந்தக்காரருக்கு வேறு இடத்தில் வீடு கொடுப்பார்கள். வாடகைக்காரருக்கு ஒன்றும் கிடையாது. "சொந்தக்காரருக்கு அடுக்குமாடி, எனக்கு இந்த வட்டம்" என்றார். இத்தனை வருடம் அந்தச் சந்துக்கே காலையில் பன் போட்டுக் கொடுத்தவருக்கு, அவர் பிறந்த கிராமத்தில்தான் இன்னமும் குடியிருப்புப் பதிவு. இந்த ஊர்க்காரர் என்று எந்த அலுவலகமும் அவரைச் சொல்லாது.

திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஆசிரியையே, அந்த மாமரம் உங்களுடையதுதானே? பிள்ளைகளுக்கு நீங்கள்தானே கொடுத்திருப்பீர்கள். நீங்கள் சொல்லுங்கள். அதன் பழம் இனிப்பா, புளிப்பா?"

கார்த்திகா, இங்கேதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. கீழ்க்கட்டளையில் நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பின் போர்ஷன். சந்து வழியாகத்தான் போகவேண்டும், கக்கூஸ் இன்னொரு குடித்தனத்தோடு பொது. முன்னால் ஹவுஸ் ஓனர் இருந்தார்கள். அவர்கள் வாசலில்தான் மாமரம். காய்க்கும் காலத்தில் "குடித்தனக்காரங்க பசங்கள மரத்தாண்ட விடாதீங்க" என்று ஓனர் அம்மா மாடியிலிருந்து குரல் கொடுப்பார். கீழே விழுந்த பழத்தைக் குனிந்து எடுத்தாலும் மாடி ஜன்னல் திறக்கும். என் பிள்ளை ஒரு தடவை எடுத்துவிட்டு, நான் அடித்த அடியில் அழுதுகொண்டே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். முதல் பேட்ச்சில் நான் சீனாவுக்குப் போய், உன் வீட்டைப் பற்றிச் சொல் என்று கேட்டபோது, அந்தச் சந்து வழியையும் பொதுக் கக்கூஸையும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முன்வாசலைச் சொல்லிவிட்டேன். அந்த மரத்தைத்தான் பிறகு எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

இனிப்பு என்று சொல்லியிருக்கலாம். முதல் வாரத்துப் பாடம் அந்தச் சொல். வேறொரு நாளாக இருந்தால் சொல்லியும் இருப்பேன். ஆனால் ஸ்டெல்லா இப்போதுதான் தன் கதவைத் திறந்து காட்டிவிட்டு அங்கே நிற்கிறாள். காவ் அம்மாவோ வாடகைக்காரர். அவருக்குக் கொடுக்க வேண்டிய சரியான பதில் அந்த அறையிலேயே என்னிடம் ஒருத்தியிடம்தான் இருந்தது. நானும் வாடகைக்காரிதான், அந்த மரம் எனக்கும் சொந்தமில்லை, நான் அதை ருசித்ததே இல்லை என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த சீனத்துக்கு அது ஒன்றும் கடினமில்லை. நாக்கு எழவில்லை. காவ் அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சோயா பால் ஆறிவிட்டது" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்டெல்லா பருவ முடிவில் காவ் அம்மாவைப் பற்றிப் பேசினாள். சுவரில் வழிந்த பெயிண்டில் ஆரம்பித்து, தன் அப்பாவின் பிரஷ்ஷில் கொண்டுவந்து முடித்தாள். வென் முன் வரிசையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் தொடாமல் கேட்டார். இரண்டாம் வருடம் அவளுக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் அந்தச் சந்து இல்லை. காவ் அம்மா நகரத்தின் வேறொரு கோடிக்குப் போய் அங்கே கடை போட்டதாக ஸ்டெல்லாதான் சொன்னாள், இருவரும் போனில் தொடர்பு விடவில்லை. அதன் பிறகு கொரோனா வந்து போக்குவரத்தே நின்றது, பிறகு மெல்ல மெல்ல ஆரம்பித்தது. நான் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் பாடத்திட்டம் மாறிவிட்டது என்றேன். புதுப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அது நல்ல வேலைதான். ஆனால் ஏன் மாற்றினேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. அதனால்தான் பழைய பிள்ளைகள் இன்னும் அந்தப் பத்தியைப் பாசத்தோடு வைத்திருக்கிறார்கள், மேடையில் ஏறி என் முகத்துக்கு நேரே ஒப்பிக்கிறார்கள்.

விழா முடிந்ததும் எனக்கு அந்தப் பூந்தொட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒட்டு மாங்கன்று. 'மேடத்தின் மாமரம்' என்று அட்டையில் எழுதி ரிப்பன் கட்டியிருந்தார்கள். எல்லாரும் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். நான் இருப்பது சேலையூரில் மூன்றாவது மாடி பிளாட். மண் என்று சொல்ல எனக்கு அந்தத் தொட்டிக்குள் இருப்பதுதான்.

ஸ்டெல்லாதான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவரைக்கும் வந்தாள். இப்போது ஒரகடத்தில் மொழிபெயர்ப்பாளர். முடிச்சூரிலேயே ஒரு வாடகை வீடு பிடித்து அம்மா அப்பாவைக் கூட்டி வந்துவிட்டாள். தொட்டியை என் காலடியில் நிற்கவைத்து, ஆடாமல் இருக்க என் சால்வையையே சுருட்டி அண்டை கொடுத்தாள். அவள் நிமிர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் இனி எப்போது?

"ஸ்டெல்லா, அந்த மரம் எங்களுது இல்லம்மா. ஹவுஸ் ஓனரோடது. நாங்க பின்னாடி போர்ஷன்ல வாடகைக்கு இருந்தோம்."

அவள் நிமிர்ந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மேடம். அன்னிக்கு அந்தம்மா இனிப்பா புளிப்பான்னு கேட்டப்பவே தெரியும்."

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம இன்னா? அவங்களும் வாடகைக்காரங்கதான." அவள் தொட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது ஒட்டு மேடம், தொட்டிலயே காய்க்கும். ஒரு ரெண்டு மூணு வருஷம் ஆவும். தண்ணி மட்டும் நிறைய ஊத்தாதீங்க."

ஆட்டோ கிளம்பியது. நாலு அடி போனதும் அவள் பின்னால் ஓடி வந்து குனிந்து பார்த்தாள்.

"காய்ச்சதும் முதல் பழத்த நீங்களே துன்னு பாத்துச் சொல்லுங்க மேடம். காவ் அம்மா போன் பண்றப்பலாம் கேட்டுக்கினே இருக்காங்க, உங்க ஆசிரியை இன்னும் பதில் சொல்லலியான்னு."

கேம்ப் ரோடு திரும்பும்வரை அந்தக் கன்றைத் தவிர வேறு எதையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.